ஓசையற்ற வேகம்

ஆமத்தூரில் வாழ்வோர்க்குச் செவியே முதற்காவல். விருதுநகரிலிருந்து சிவகாசிக்குச் செல்லும் சாலையில் அமைந்த இவ்வூரைச் சுற்றிலும், கரிசற் காடுகளுக்கிடையே பட்டாசு ஆலைகள் பரவிக் கிடக்கின்றன. நண்பகலில் எங்கோ ஒரு திசையில் இடிபோன்ற ஓசை எழுந்தால், கையிலிருக்கும் வேலையை அப்படியே போட்டுவிட்டு எல்லோரும் வாசலுக்கு வந்துவிடுவோம். வானம் வெளுத்திருந்தால் அது இடியன்று. எத்திசையில் புகை எழுகிறது, அத்திசைக்கு இன்று யார் வீட்டுப் பிள்ளைகள் வேலைக்குப் போயிருக்கிறார்கள் என்று மனம் கணக்கிடத் தொடங்கிவிடும். 2012ஆம் ஆண்டு செப்டம்பர் 5ஆம் நாள் சிவகாசிக்கு அருகே முதலிப்பட்டியில் நேர்ந்த வெடிவிபத்தில் முப்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். அதன்பின் எங்கள் பகுதியில் கதவு பலமாக அறைந்து சாத்தப்பட்டாலும் திரும்பிப் பார்க்காதவர் குறைவு.

இப்படிச் செவியை நம்பி வாழும் ஊரில், ஓசையே எழுப்பாத ஒரு காரை நாங்கள் வாங்கினோம். அதைப் பழகிக்கொள்ளப் பட்ட பாட்டையும், அந்தப் பாட்டுக்கிடையே ஓர் அந்திப்பொழுதில் எங்களுக்கு நேர்ந்ததையும் இங்கே எழுதத் துணிகிறோம். 'நாங்கள்' என்பது கணவனும் மனைவியும். எங்களில் வண்டியோட்டுபவர் ஒருவர். அருகில் அமர்ந்து கண்ணை மூடிக்கொள்பவர் மற்றொருவர். முப்பதாண்டு இல்லறத்தில் குற்றத்தைப் பங்கிட்டுக்கொள்ளப் பழகிவிட்டதால், இக்கட்டுரையில் பிரேக்கை மிதித்தவரும் மிதிக்கத் தவறியவரும் இருவருமே என்று கொள்ளுமாறு வாசகர்களைக் கேட்டுக்கொள்கிறோம்.

பட்டாசு ஆலைகளுக்கு அட்டைப்பெட்டி செய்து கொடுப்பது எங்கள் தொழில். பெரும் செல்வர் அல்லர். எனினும், எங்கள் வீட்டு அம்மாவை (ஒருவருக்குத் தாய், மற்றவருக்கு மாமியார்) மாதந்தோறும் மதுரைக்கு மருத்துவரிடம் அழைத்துச் செல்ல வேண்டியிருந்தது. முதுகெலும்பு தேய்ந்த அம்மாவுக்குச் சாலையின் ஒவ்வொரு பள்ளமும் ஒரு தண்டனை. "குலுங்காத வண்டி வேண்டும்" என்பதில் தொடங்கிய தேடல், ஜெர்மானியப் பெயர் தாங்கிய ஒரு பெரிய காரில் வந்து முடிந்தது. அம்மாவின் முதுகு காரணம் என்று எல்லோரிடமும் சொன்னோம். அது முழு உண்மையன்று என்பதையும் இங்கே ஒப்புக்கொள்கிறோம். அதன் கதவு சாத்தும்போது எழும் அந்த மெல்லிய, கனத்த ஒலி எங்களுக்குப் பிடித்திருந்தது.

வண்டி வந்த முதல் ஞாயிறு, பங்குத் தந்தை அதை மந்திரித்துத் தீர்த்தம் தெளித்தார். "வண்டிக்குச் செபித்துவிட்டேன். ஓட்டுபவருக்கு நீங்கள் நாள்தோறும் செபித்துக்கொள்ளுங்கள்" என்றார். கூடியிருந்தோர் சிரித்தனர், நாங்களும் சிரித்தோம்.

எங்கள் கைகளும் கால்களும் பயின்ற பள்ளி அம்பாசிடர் கார். மேற்கு வங்கத்தின் உத்தரபாராவில், மாரிஸ் ஆக்ஸ்போர்டு என்ற ஆங்கிலேயக் காரின் வார்ப்பில் 1950களின் இறுதியில் பிறந்து, 2014இல் உற்பத்தி நிற்கும்வரை இந்தியச் சாலைகளில் ஓடிய வண்டி அது. பின்சக்கரங்களின் மேல் லாரிக்கு இருப்பதுபோன்ற பட்டா அடுக்கு. ஸ்டியரிங்கில் எப்போதும் சிறிது ஆட்டம். நேராகப் போக வேண்டுமானாலும் ஸ்டியரிங்கை இடமும் வலமும் ஓயாமல் அசைத்துக்கொண்டே இருக்க வேண்டும். அறுபதைத் தாண்டினால் கண்ணாடிகள் தந்தியடிக்கும். எண்பதில் என்ஜின் கூச்சலிடும். கதவுகளின் இடுக்கில் காற்று ஊளையிடும். கால்வழியே நடுக்கம் ஏறி வயிற்றை எட்டும். தொண்ணூறை நாங்கள் அதிகம் கண்டதில்லை. நாங்கள் நிதானமான ஓட்டுநர்கள் என்று ஊரில் பெயரெடுத்திருந்தோம். அந்த நிதானம் எங்களுடையதன்று, அம்பாசிடருடையது என்பதைப் புதிய கார் வந்த பின்னரே அறிந்தோம்.

புதிய வண்டியில் எங்களுக்கு வந்த முதல் தொல்லை ஸ்டியரிங். முப்பதாண்டுப் பழக்கத்தால் கை தானாக அசையும். ஆனால் இந்த வண்டியோ கை அசைந்த அளவெல்லாம் திரும்பும். மதுரைச் சாலையில் முதல் நாள் நாங்கள் சென்றது பாம்பு ஊர்ந்த தடம்போல் இருந்திருக்க வேண்டும். பின்னிருக்கையில் அம்மாவுக்குக் குமட்டிவிட்டது. குலுங்காத வண்டியில் குமட்டல் வருமென்று யார் கண்டது? வெள்ளைக் கோட்டைத் தொடும்போதெல்லாம் ஸ்டியரிங் சிலிர்த்து எச்சரித்தது. வண்டியே எங்களைக் கண்டிக்கிறதென்று எண்ணி நாணினோம். காரின் மூக்குக்கு முன்னால் உள்ள சாலையைப் பார்க்காமல் வெகுதூரத்திற்கு அப்பால் பார்வையைச் செலுத்தினால், கை தானாக அமைதியடைகிறது என்பதைக் கற்க இரண்டு வாரங்கள் பிடித்தன.

அடுத்த தொல்லை எங்கள் மண். கரிசல் மழையில் ஊதிப் பருக்கும். கோடையில் சுருங்கிப் பாளம் பாளமாக வெடிக்கும். அதன்மீது போட்ட சாலை எவ்வளவு நன்றாகப் போடப்பட்டாலும் சில ஆண்டுகளில் மெல்லிய அலைபோல் ஏறி இறங்கத் தொடங்கிவிடும். அம்பாசிடர் அந்த அலைகளை முதுகில் அடித்துச் சொல்லும். புதிய வண்டி அவற்றை மறைத்து, தொட்டிலாட்டுவதுபோல் மிதந்து செல்லும். ஆனால் வேகம் கூடினால், ஒரு மேட்டில் எழுந்த வண்டி நிலைகொள்வதற்குள் அடுத்த மேடு வந்துவிடுகிறது. கனத்த உடல் ஒருமுறை எழுந்தமர்ந்து, இன்னொருமுறை எழும்போது சக்கரங்களின் பிடி சற்றே தளர்வதை இருக்கை வழியே உணரலாம். அதற்கென ஒரு பொத்தான் உண்டு; அழுத்தினால் வண்டி தன் நரம்புகளை இறுக்கிக்கொள்ளும். அம்மாவின் முதுகா, சக்கரத்தின் பிடியா என்று ஒவ்வொரு பயணத்திலும் தேர்ந்தெடுக்க வேண்டியவர்களானோம். சொகுசும் கட்டுப்பாடும் ஒன்றே என்று எண்ணி வாங்கியிருந்தோம். அவை இரண்டு என்று அந்தப் பொத்தான் சொல்லிற்று.

காரின் அகலமும் ஒரு பாடம். அம்பாசிடர் ஏறக்குறைய 1.66 மீட்டர் அகலம். இதுவோ கண்ணாடிகளையும் சேர்த்தால் இரண்டு மீட்டரைத் தாண்டுகிறது. நான்குவழிச் சாலையில் அது தெரிவதில்லை. எதிரே அரசுப் பேருந்து வர, இடப்புறம் சைக்கிளில் ஒருவர் செல்ல, நடுவே நாங்கள் செல்லும் சிவகாசிச் சாலையில் அது நன்றாகவே தெரிகிறது. அம்பாசிடரில் இருந்தபோது 'போய்விடலாம்' என்று துணிந்த இடங்களில், இப்போது காத்து நிற்கிறோம்.

இவையெல்லாம் கைக்கும் கண்ணுக்கும் உரிய பழக்கங்கள். நாள் செல்லச் செல்ல வந்துவிட்டன. நாங்கள் அறியாமலே ஒரு பெரும் மாற்றம் எங்களுக்குள் நிகழ்ந்துகொண்டிருந்தது. அதுதான் ஆபத்து.

மதுரையிலிருந்து விருதுநகர் செல்லும் சாலை, காஷ்மீரத்தின் ஸ்ரீநகரில் தொடங்கிக் கன்னியாகுமரியில் முடியும் நெடுஞ்சாலையின் ஒரு பகுதி. முன்பு தேசிய நெடுஞ்சாலை 7 என்று அழைக்கப்பட்டது, 2010இல் எண்கள் மாற்றப்பட்டபின் 44 ஆயிற்று. கப்பலூர் சுங்கச்சாவடியைக் கடந்துவிட்டால் திருமங்கலம், கள்ளிக்குடி வழியாக விருதுநகர்வரை வண்டி விரைந்து செல்லத்தக்க சாலை. அங்கே மீட்டர் நூறு காட்டும்போது காருக்குள் அம்மா மெல்லிய குரலில் செபமாலை சொல்வது முன்னிருக்கைக்குக் கேட்கும். நூறு என்பது நொடிக்கு 28 மீட்டர். இமைத்துத் திறப்பதற்குள் நான்கைந்து ஆள் நீளம் கடந்துவிடுகிறோம். ஆனால் உள்ளே அசைவில்லை, ஓசையில்லை. வெளியே மஞ்சள் அரளிகள் மட்டும் அமைதியாகப் பின்னோக்கி நகர்கின்றன.

மனித உடலுக்கு வேகத்தை அளக்கும் உறுப்பு கிடையாது. காதில் விழும் இரைச்சல், உடலில் ஏறும் அதிர்வு, ஓரப் பார்வையில் ஓடி மறையும் மரங்கள் ஆகியவற்றைக் கூட்டிக் கழித்து மனம் ஒரு வேகத்தை ஊகிக்கிறது. இரைச்சலையும் அதிர்வையும் நீக்கிவிட்டால் ஊகம் குறைந்துபோகிறது. மற்றொரு மயக்கமும் உண்டு. வெகுநேரம் விரைவாகச் சென்றபின் வேகத்தைக் குறைத்தால், உண்மையில் செல்வதைவிட மிக மெதுவாகச் செல்வதாகத் தோன்றும். பிரித்தானியர் இதைக் கண்டறிந்து, 1970களில் நெடுஞ்சாலை முடிந்து வட்டச் சந்திப்பு வருமிடங்களுக்கு முன்னால் சாலையின் குறுக்கே மஞ்சள் கோடுகளை வரைந்தனர். கோடுகளுக்கிடையே உள்ள இடைவெளி போகப் போகக் குறைந்துகொண்டே வரும். ஒரே வேகத்தில் செல்பவருக்கும் தம் வேகம் கூடிக்கொண்டே போவதுபோல் தோன்ற, அச்சத்தால் கால் தானாகப் பிரேக்குக்குச் செல்லும். இழந்த அச்சத்தைச் சாயத்தால் திருப்பித் தரும் உபாயம் அது. நம் நாட்டிலும் சந்திப்புகளுக்கு முன் தடித்த வெள்ளைக் கோடுகளைப் போட்டிருக்கிறார்கள். சக்கரம் ஏறினால் தடதடவென்று உலுக்கும். எங்கள் புதிய காரில் அந்தத் தடதடப்பு, எங்கோ அடுத்த வீட்டில் கதவு தட்டுவதுபோல் கேட்டது.

அன்று ஐப்பசி மாதத்து அந்திப்பொழுது. அம்மாவை மதுரையில் காட்டிவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்தோம். ஏறக்குறைய அரைமணி நேரம் நூறில் ஓட்டிவந்து, விருதுநகரில் நெடுஞ்சாலையை விட்டிறங்கிச் சிவகாசிச் சாலைக்குத் திரும்பினோம். ஊருக்குச் சில கிலோமீட்டர் இருக்கும். ஊர்ந்து செல்வதாகவே எங்கள் எண்ணம். ஐம்பது இருக்கும் என்று மனம் சொல்லிற்று. மீட்டரை நாங்கள் பார்க்கவில்லை. அருகிலிருந்தவரும் அன்று கண்ணை மூடவில்லை. அச்சமெழாததால் மூடத் தோன்றவில்லை.

முன்னால் சாலையின் இடப்புறம் ஓர் ஆலை வேன் நின்றிருந்தது. வேலை முடிந்து திரும்பும் பெண்கள் இறங்கிக்கொண்டிருந்தனர். கையில் தூக்குவாளி; தலையில் முக்காடு. வேனின் முன்புறமிருந்து ஒரு பெண் சாலையைக் கடக்க வெளிப்பட்டார்.

பிரேக்கை ஓங்கி மிதித்தோம். மிதித்த கணத்தில் பிரேக் உயிருள்ள பிராணிபோல் காலுக்கடியில் துடித்தது; கீழே ஏதோ உடைந்து அரைபடுவதுபோல் கடகடவென்ற ஓசை எழுந்தது. அந்த வண்டியில் நாங்கள் கேட்ட முதற்பெரும் ஓசை அதுவே. ஏதோ முறிந்துவிட்டதென்று அஞ்சிக் காலைத் தளர்த்தினோம். அரை நொடி இருக்கும். பிறகு மறுபடியும் முழு உடலால் மிதித்து, ஸ்டியரிங்கை வலப்புறம் திருப்பினோம். வண்டி கீழ்ப்படிந்தது, நின்றது. அந்தப் பெண்ணுக்கும் காரின் இடப்பக்க விளக்குக்கும் இடையே ஒரு முழம்தான் இருந்தது. தூக்குவாளி கீழே விழுந்து உருண்டது.

முகப்பு விளக்கின் ஒளியில் அவர் கைகள் வெள்ளிபோல் மின்னின. அலுமினியப் பொடி. நாங்கள் இறங்கி ஓடினோம். எங்களுக்கு வாய் எழவில்லை. முகம் தெரிந்த பெண்தான், எங்கள் ஊர். வாளியை எடுத்து முந்தானையால் துடைத்துக்கொண்டே சொன்னார்:

"சத்தமே கேக்கலையே அண்ணாச்சி."

அதில் கோபமில்லை, முறையீடுமில்லை. நாள் முழுதும் செவியைத் தீட்டி வைத்துப் பிழைக்கும் ஒருவர், தன் செவி தன்னைக் கைவிட்டதே என்று வியந்தார். அம்பாசிடர் வருவது அரைமைல் தூரத்திலேயே ஊருக்குத் தெரியும். கோழிகளும் ஒதுங்கும். இந்தக் கார் எங்களிடமிருந்து அச்சத்தைப் பறித்துக்கொண்டதை ஒருவாறு உணர்ந்திருந்தோம். சாலையில் நடப்போரிடமிருந்தும் எச்சரிக்கையைப் பறித்துக்கொண்டது என்பது, அச்சொல்லைக் கேட்டபின் உறைத்தது. காசு கொடுத்து அமைதியை வாங்கினோம். அதற்கான விலையை அவர் செலுத்த இருந்தார்.

அன்றிரவு உறக்கமில்லை. கணக்குப் போட்டுப் பார்த்தோம். காலடிக்கும் காருக்கும் உள்ள இடைவெளியையும், சாலையில் கண்ட தடயத்தையும் வைத்துப் பார்த்தால் எங்கள் வேகம் எண்பதுக்குக் குறையாது. ஆபத்தைக் கண்டு கால் பிரேக்கை எட்ட ஒரு நொடி என்று கொள்வோம். நல்ல உலர்ந்த சாலையில், ஐம்பதில் வரும் கார் நிற்க ஏறத்தாழ 28 மீட்டர் வேண்டும். எண்பதில் 57 மீட்டர் வேண்டும். வேகம் ஒன்றரை மடங்கு கூடினால் நிற்கும் தூரம் இரு மடங்காகிறது. ஏனெனில் பிரேக் பிடித்தபின் ஓடும் தூரம் வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. ஐம்பது என்று மனம் சொன்னபடி வண்டி உண்மையிலேயே ஐம்பதில் வந்திருந்தால், அவரைத் தொடுவதற்கு 29 மீட்டர் முன்னதாகவே நின்றிருப்போம். அஞ்சிக் காலைத் தளர்த்திய அந்த அரை நொடியில் மட்டும் பத்து மீட்டர் அளவு வீணாயிற்று.

துடித்தது ஏ.பி.எஸ். என்னும் கருவி. சக்கரம் சுழலாமல் பூட்டிக்கொண்டால் வண்டி சறுக்கும், ஸ்டியரிங்கும் பயன்படாது. ஆகையால் சக்கரம் பூட்டிக்கொள்ளும் தறுவாயில் பிரேக்கைத் தளர்த்தித் தளர்த்திப் பிடிப்பதை அக்கருவி ஒரு நொடியில் பலமுறை செய்கிறது. 1978இல் ஜெர்மனியின் உயர்விலைக் கார்களில் வந்தது. 2019 முதல் இந்தியாவில் விற்கும் புதிய கார்களில் கட்டாயமாயிற்று. காலுக்கடியில் எழும் துடிப்பு, அது வேலை செய்கிறது என்பதன் அடையாளம். காலைத் தளர்த்தவே கூடாது. வண்டியோடு வந்த கையேட்டில் இது தெளிவாக எழுதப்பட்டிருந்தது. பாட்டுப் பெட்டியில் எங்கள் கைப்பேசியை இணைப்பது எப்படி என்ற பக்கத்தை மட்டும் படித்துவிட்டு அந்நூலை மூடி வைத்திருந்தோம்.

2022ஆம் ஆண்டில் தமிழ்நாட்டில் 64,105 சாலை விபத்துகள் நேர்ந்தன என்றும், அவற்றில் 17,884 பேர் இறந்தனர் என்றும் மத்திய அரசின் அறிக்கை கூறுகிறது. அவ்வாண்டு நாடெங்கும் சாலையில் இறந்த பாதசாரிகள் 32,825 பேர். இத்தகைய எண்களை நாங்கள் முன்பும் நாளேடுகளில் படித்ததுண்டு. இப்போது அவற்றைப் படித்தால், ஒவ்வொரு எண்ணுக்கும் பின்னால் ஒரு தூக்குவாளி உருளும் ஓசை கேட்கிறது.

மறுநாள் காலை அந்தப் பெண்ணின் வீட்டுக்குச் சென்று மன்னிப்புக் கேட்டோம். பழமும் ஒரு புதிய தூக்குவாளியும் கொண்டுசென்றோம். வாளியை வாங்கிக்கொண்டார். "எனக்கு ஒண்ணும் ஆகலையே அக்கா, ஏன் அழுறீங்க" என்று எங்களில் ஒருவரை அவர்தாம் தேற்றினார். அவர் வேலைக்குக் கிளம்பும் நேரமாயிருந்தது, வெகுநேரம் நிற்கவில்லை.

அடுத்த தெருவில் இருக்கும் ஒரு பெரியவர், ஆலையொன்றில் நெடுங்காலம் போர்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர். நடந்ததை அவரிடம் சொல்லி, "காரை விற்றுவிடலாமா என்று நினைக்கிறோம் அண்ணாச்சி" என்றோம். அவர் எங்களை நிமிர்ந்து பார்த்துவிட்டுச் சொன்னார்:

"வித்தா வாங்குறவன் ஓட்டுவான். அதனால என்ன ஆச்சு? தம்பி, மருந்து அறைக்குப் புதுசா வர்றவன் பயந்துக்கிட்டே வருவான், கவனமா இருப்பான். பத்து வருஷம் பழகினவனைத்தான் நான் கண்ணுல வெளக்கெண்ணெய் விட்டுக்கிட்டுப் பார்ப்பேன். நேத்தும் ஒண்ணும் ஆகலை, இன்னைக்கும் ஒண்ணும் ஆகலைன்னு பார்த்துப் பார்த்து அவனுக்குப் பயம் போயிருக்கும். பயம் போறது தப்பில்லை, பழகினா போகத்தான் செய்யும். போன இடத்துல முறையை உக்கார வைக்கணும். பயம் இல்லாதவனுக்காகத்தான் ரூல் போட்டிருக்கு."

நாங்கள் இவ்வூரிலேயே வாழ்ந்தும் அன்றுவரை அதை அவ்வாறு எண்ணிப் பார்த்ததில்லை. ஓர் அறைக்கு நால்வருக்கு மேல் கூடாது. இரும்புக் கருவி கூடாது. தரையில் ரப்பர் விரிப்பு வேண்டும். கதவு வெளிப்புறமாகத் திறக்க வேண்டும். அன்றாடத் தேவைக்கு மேல் மருந்து அறையில் இருக்கக் கூடாது. இவற்றையெல்லாம் அதிகாரிகளின் கெடுபிடி என்றே கருதியிருந்தோம். பழக்கத்தால் அச்சம் மழுங்கிய மனிதருக்கு, அச்சம் செய்திருக்கும் வேலையை விதி செய்கிறது. இந்த விதிகளை மீறிய இடங்களில் நேர்ந்தவற்றை எங்கள் பகுதி நன்றாகவே அறியும்.

அம்பாசிடரில் எங்களுக்கு விதி தேவைப்படவில்லை. அதன் நடுக்கமே விதியாயிருந்தது. புதிய கார் அந்த நடுக்கத்தை எடுத்துக்கொண்டது. அதற்கு ஈடாக எதையும் நாங்கள் வைக்கவில்லை. இதை உணர்ந்தபின், வண்டியைப் பழகுவதை முதலிலிருந்து தொடங்கினோம்.

ஊருக்கு வெளியே மனைகளாகப் பிரித்துக் கல் நட்டுப் போட்ட காலி நிலம் ஒன்றுண்டு. உரியவரிடம் கேட்டுக்கொண்டு, ஒரு ஞாயிறு காலை திருப்பலி முடிந்து அங்கே சென்றோம். அதன் நடுவே நீண்டு கிடந்த தார்ச்சாலையில் நாற்பதில் ஓட்டி, பிரேக்கை வேண்டுமென்றே ஓங்கி மிதித்தோம். துடித்தது. மறுபடியும், மறுபடியும் மிதித்தோம். பத்தாவது முறை அந்தத் துடிப்பு அச்சமூட்டவில்லை, கைகுலுக்குவதுபோல் இருந்தது. பிறகு எங்களில் அருகிலிருப்பவரும் ஓட்டுநர் இருக்கையில் அமர்ந்து மிதித்துப் பார்த்தார். ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஒரு சிறுவன், "வண்டி ரிப்பேரா?" என்று கேட்டான். "ரிப்பேர் வண்டியில் இல்லை தம்பி" என்றோம்.

எங்களுக்கென்று சில முறைகளை வகுத்துக்கொண்டோம். நெடுஞ்சாலையில் முன்செல்லும் வண்டி ஒரு மைல்கல்லைக் கடந்ததும் 'ஆயிரத்தொன்று, ஆயிரத்திரண்டு, ஆயிரத்துமூன்று' என்று எண்ணுவோம். எண்ணி முடிப்பதற்குள் நாங்கள் அக்கல்லை எட்டிவிட்டால், இடைவெளி போதாது என்று பொருள். மழையில் எண்ணிக்கை ஐந்தாகும். வாரம் ஒருமுறை, வண்டி வெளியே கிளம்புமுன் டயர் குளிர்ந்திருக்கும்போது காற்றழுத்தம் பார்க்கிறோம்; எங்கள் பகுதியின் சித்திரை வெயிலில் காற்றுக் குறைந்த டயர் நெளிந்து நெளிந்து சூடேறி வெடிக்கும். வலப்பக்கத் தடத்தை விடாது செல்லும் லாரியின் பின்னால் பொறுமையிழந்து ஒட்டிச் செல்வதில்லை.

எல்லாவற்றிலும் முதன்மையானது, நெடுஞ்சாலையை விட்டு இறங்கும் இடத்துக்குரியது. விருதுநகரில் திரும்பியதும், அகலமான இடமாகப் பார்த்து வண்டியை ஓரங்கட்டி முழுதும் நிறுத்திவிடுகிறோம். ஒரு நிமிடம். அம்மாவுக்குத் தண்ணீர் கொடுக்கிறோம். விரைந்தோடிய கண்கள் நின்றுபோன உலகத்தைப் பார்த்து நிதானமடைய அந்த ஒரு நிமிடம் உதவுகிறது. பிறகு, ஐம்பதுக்கு மேல் செல்லவொட்டாமல் தடுக்கும் பொத்தானை அழுத்துகிறோம். அது தொடக்கத்திலிருந்தே வண்டியில் இருந்தது. மனம் சொல்லும் வேகத்தை நம்புவதில்லை. அருகிலிருப்பவர் மீட்டரைப் பார்த்து வாய்விட்டுச் சொல்வார். இந்தப் பொறுப்பு வந்தபின் அவருக்குக் கண்ணை மூடிக்கொள்ள நேரமில்லை.

இவ்வளவும் செய்தபின் நாங்கள் நல்ல ஓட்டுநர்கள் ஆகிவிட்டோம் என்று சொல்ல மாட்டோம். இம்முறைகளும் ஒரு நாள் பழகிப்போகும். பழகியபின் ஒருநாள் விட்டுப்போகவும் கூடும். கார் வாங்கியதற்காக நாங்கள் வெட்கப்பட வேண்டுமா என்ற கேள்விக்கும் விடை கிடைத்தபாடில்லை. அம்மாவின் முதுகு நோகாமல் மதுரைக்குப் போய்வருகிறது, அது நன்மைதான். எங்கள் பெட்டிகளை நிரப்பும் கைகள் நின்றுகொண்டே வேனில் போய்வருகின்றன; அதுவும் எங்களுக்குத் தெரியும். அந்த வேன் நிற்கும் சாலையில்தான் இந்தக் காரை ஓட்டியாக வேண்டும். இன்றைக்கு எங்களால் இயன்ற நீதி, அதை எப்படி ஓட்டுகிறோம் என்பதில் அடங்கியிருக்கிறது.

கடைசியாக ஒன்று. சிவகாசிச் சாலைக்குத் திரும்பியதும் இப்போது நான்கு கண்ணாடிகளையும் இறக்கிவிடுகிறோம். குளிர்காற்று வெளியேறிவிடும், கரிசற் புழுதி உள்ளே வரும். அம்மா முதலில் முணுமுணுத்தார். ஆனால் ஆட்டுமணி, சைக்கிள் மணி, ஆலை வேனின் கதவு இழுபடும் ஓசை, இறங்குவோர் ஒருவரையொருவர் கூப்பிடும் குரல் எல்லாம் காருக்குள் வந்துவிடுகின்றன. சென்ற வாரம் அந்த வேனைக் கண்டதும் வெகுதூரத்திலேயே வேகத்தைக் குறைத்து, ஒலிப்பானை மெல்ல ஒருமுறை தட்டிவிட்டு நின்றோம். பெண்கள் ஒவ்வொருவராகச் சாலையைக் கடந்தார்கள். கடைசியாகக் கடந்தவர் கையில் புதிய தூக்குவாளி இருந்தது. திறந்திருந்த கண்ணாடி வழியே எட்டிப் பார்த்து, "அம்மாவுக்கு முதுகு எப்படி இருக்கு அக்கா?" என்று கேட்டுவிட்டுப் போனார்.